நாலு கட்டமும் ஒரு முழுக் கணினியும்

2008-க்கு முன்பு ஒரு பட்டனின் நிறத்தை மாற்றிப் பார்ப்பதற்குக்கூடப் பெரும்பாலும் நோட்பேடில் எழுதி, சேமித்து, பிரவுசருக்குப் போய் ரிஃப்ரெஷ் அடிக்க வேண்டும். அதை நண்பருக்குக் காட்டுவது தனிப் பாடு. கோப்புகளை ஜிப் செய்து மின்னஞ்சலில் அனுப்பினால், அவர் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-ல் திறந்துவிட்டு, “இங்கே ஒண்ணும் வரலையே” என்பார்.

அந்த ஆண்டு நிரலாளர் ரெமி ஷார்ப், பிரவுசரிலேயே நிரல் எழுதிப் பார்க்கும் விளையாட்டு மைதானமாக ஜேஎஸ் பின்னை உருவாக்கினார். பின்னாலேயே ஜேஎஸ்ஃபிடில் வந்தது. ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், விடை என்று நாலே கட்டம். ஜேகுவெரி நூலகம் வேண்டுமா, மூடூல்ஸ் வேண்டுமா என்று பட்டியலில் தேர்ந்தெடுத்து ‘ரன்’ அழுத்தினால் போதும். உதவி கேட்டு வருபவரிடம் மூத்தவர்கள் முதலில் சொன்னதே “ஒரு ஃபிடில் போடுங்க” என்பதுதான். அதிலும் ஒரு வம்பு இருந்தது. எழுதிய ஸ்கிரிப்டை அது தானாகவே ‘ஆன்லோடு’ ஃபங்ஷனுக்குள் பொதிந்துவிடும். உள்ளே இருக்கும் ஃபங்ஷன் வெளியே தெரியாது என்பதால், பட்டனில் ‘ஆன்கிளிக்’ எழுதியவருக்கு ‘நாட் டிஃபைண்டு’ பிழைதான் கிடைக்கும். இதில் சிக்கித்தான் பலர் ஸ்கோப் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டார்கள்!

2012-ல் கோட்பென் வந்ததும் பிழை காட்டும் இடம் வித்தை காட்டும் இடமாகவும் மாறியது. சிஎஸ்எஸ்ஸிலேயே வரைந்த ஓவியங்களும் அனிமேஷன்களும் குவிந்தன. இலவசக் கணக்கில் எழுதுவதை எல்லாரும் பார்க்கலாம்; யாரும் எடுத்துப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தின்கீழ் அது வரும். அலுவலக நிரலை அங்கே ஒட்டுபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

இன்றைய கதை வேறு. 2017-ல் வந்த கோட்சாண்ட்பாக்ஸும் ஸ்டாக்பிளிட்ஸும் கட்டங்களை விட்டுவிட்டு முழு புராஜெக்டையே திறந்து வைத்தன. 2021-ல் ஸ்டாக்பிளிட்ஸ் வெப்கன்டெய்னர்ஸை அறிவித்தது. அதில், வழக்கமாகச் சர்வரில் ஓடும் நோட்ஜேஎஸ், வெப்அசெம்பிளியின் துணையோடு பிரவுசர் டேபுக்குள்ளேயே ஓடுகிறது. இன்ஸ்டால், டெர்மினல், டெவ் சர்வர் எல்லாம் அங்கேயே. 2024-ல் அதே நிறுவனம் விட்ட போல்ட் என்னும் ஏஐ கருவி, கேட்டால் நிரலையும் எழுதித் தருகிறது. விளையாட்டு மைதானத்தில் நமக்குப் பதில் இன்னொருவர் விளையாடுவதில் என்ன சுகமோ!

ரியாக்ட் நூலகமொன்றைச் சோதிக்கவோ, பல கோப்புகளில் பரவிய பிழையை மறுபடி உருவாக்கிக் காட்டவோ ஸ்டாக்பிளிட்ஸ்தான் சரி. சிஎஸ்எஸ்ஸில் ஃப்ளெக்ஸ்பாக்ஸ் பழகுகிறவருக்கு அது வேண்டாத சுமை. தன் மூன்று வரிக்கு முன்னால் அவர் பத்துக் கோப்புகளைத் தாண்ட வேண்டியிருக்கும். அவருக்குக் கோட்பென்னோ பழைய ஜேஎஸ்ஃபிடிலோதான் நல்லது. அங்கே பிழை வந்தால் அநேகமாக அது அவர் எழுதிய வரியில்தான் இருக்கும்.

எதில் எழுதினாலும் ஒரு பிரதியை உங்கள் கணினியில் இறக்கி வையுங்கள். இதே வகைத் தளங்களில் செல்லப்பிள்ளையாக இருந்த கிளிட்ச், 2025 ஜூலையில் புராஜெக்டுகளை ஓட்டித் தருவதை நிறுத்திவிட்டது.