சமையலறையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

பத்து நாள் என்.சி.சி. முகாம், ஏழு நாள் நாட்டு நலப்பணித் திட்ட முகாம், தனியார் நடத்தும் கோடை முகாம், வெளியூர் விடுதிப் பள்ளி. மேல்மலையனூர், செஞ்சி பக்கத்துப் பிள்ளைகள் வீட்டை விட்டுத் தங்கிச் சாப்பிட நேரும் இடங்கள் இப்படிப் பல. போடுவதைச் சாப்பிடும் பிள்ளைக்கு இதில் சிக்கலே இல்லை. சில பிள்ளைகள் அப்படி இல்லை. ஒருவனுக்குப் பொழுது சாய்ந்தபின் சாப்பிடும் வழக்கம் வீட்டில் கிடையாது. ஒருத்திக்கு மல்லாட்டை (வேர்க்கடலை) ஒரு பருப்பு வாயில் பட்டாலும் உதடு வீங்கிவிடும். இன்னொரு பிள்ளைக்குக் கோதுமையே ஆகாது. இப்படிப்பட்ட பிள்ளையை அனுப்பலாமா, அனுப்புவதென்றால் இடத்தை எப்படித் தேர்வது என்று தவிக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

அனுப்பலாம் என்பதுதான் என் முடிவு. சாப்பாட்டுக்குப் பயந்து வீட்டிலேயே வைத்துக்கொண்டால், நண்பர்களோடு தங்கி விளையாடும் நாட்களைப் பிள்ளை இழந்துவிடும். ஆனால் நோட்டீசைப் பார்த்தோ, அலுவலகத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்டோ பணம் கட்டிவிடக் கூடாது.

உணவுக் கட்டுப்பாடு இரண்டு வகை. நெறியால் வருவது ஒன்று, உடம்பால் வருவது மற்றொன்று. இரண்டையும் மதிக்கவேண்டும். ஆனால் தவறு நடந்தால் வரும் விளைவு வேறு. நெறி தவறினால் பிள்ளையின் மனம் புண்படும், வீட்டாரின் நம்பிக்கை உடையும். ஒவ்வாமையில் தவறினால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து வரலாம். இந்த வித்தியாசத்தை முகாம் நடத்துபவருக்கு முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். எல்லாவற்றையும் "இவனுக்குச் சில ஐட்டம் ஆகாது" என்று ஒரே வரியில் சொன்னால், கேட்பவர் அதைப் பிள்ளையின் பிடிவாதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

நெறியை முதலில் பார்ப்போம். தமிழ்ச் சமணர் வாழும் முக்கியமான பகுதி இது. தமிழ்ச் சமணரின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் செஞ்சி அருகே மேல்சித்தாமூரில்தான் இருக்கிறது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் ஒரு பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே உள்ள பழைய கல்வெட்டு, சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்கிறது. உணவில் ஒழுங்கு என்பது இந்த மண்ணில் அவ்வளவு பழையது. செஞ்சி, வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்தில் நயினார் எனப்படும் தமிழ்ச் சமணர் வீடுகளில் பெரும்பாலோர் உழவர்கள். ஊன், கள், தேன் கிடையாது. பல வீடுகளில் கிழங்கு, வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பார்கள். எவ்வளவு கண்டிப்பு என்பது வீட்டுக்கு வீடு மாறும், பிள்ளையின் வயதைப் பொறுத்தும் மாறும். அதனால் "நாங்கள் ஜைனர்" என்று மட்டும் எழுதிக் கொடுப்பது போதாது. உங்கள் வீட்டில் எது உண்டு, எது இல்லை என்று பெயர் பெயராக எழுதவேண்டும்.

பொழுது சாய்வதுதான் முகாம்களில் பெரிய தடை. நம் பக்கத்தில் மே மாதத்தில் சூரியன் மறைய மாலை 6:30 ஆகும். நவம்பர் கடைசியில் 5:40-க்கே மறைந்துவிடும். விடுதிகளில் இரவுச் சாப்பாடு ஏழரை, எட்டு மணிக்கு. மாலை ஐந்து முதல் ஆறு வரை விளையாட்டு. ஆகவே "சைவச் சாப்பாடு உண்டா?" என்று கேட்பதைவிட "ஐந்தரை மணிக்கு என் பிள்ளைக்குச் சுடச்சுட ஒரு தட்டு கிடைக்குமா, அதைக் கொடுக்கப்போவது யார்?" என்று கேட்பது பயன் தரும். இரண்டாவது கேள்விக்கு ஒரு ஆளின் பெயர் பதிலாக வரவேண்டும். "பாத்துக்கலாம் சார்" என்று வந்தால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று பொருள். மதியம் மீந்த சோற்றில் மோர் ஊற்றிக் கொடுப்பதை ஒரு நாள் பொறுத்துக்கொள்ளலாம். பத்து நாளும் அதுவே என்றால் வளரும் பிள்ளைக்கு அது சாப்பாடாகாது.

சாம்பார் இன்னொரு சிக்கல். பெரிய அண்டாவில் வெங்காயம், உருளை, கேரட் எல்லாம் ஒன்றாக வெந்திருக்கும். "காயை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடு" என்பது நெறியுள்ள வீட்டுக்கு ஏற்புடையதல்ல. வழி சுலபம்தான்: தாளிப்பதற்கு முன் வெந்த பருப்பில் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைக்கச் சொல்லலாம். கூடவே வாழைக்காய், புடலை, அவரை என்று ஒரு பொரியல். இதற்குச் சமையல்காரருக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் போதும். அப்புறம் எண்ணெய். முட்டை போண்டாவும் மீனும் பொரித்த எண்ணெயிலேயே மறுநாள் வடை சுடுவார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

இதே தேடலை உலகின் மறுபக்கத்திலும் பெற்றோர் செய்கிறார்கள். அமெரிக்காவில் யூதக் குடும்பங்கள் பல, கோடையில் பிள்ளைகளை வாரக்கணக்கில் தங்கும் முகாம்களுக்கு அனுப்புகின்றன. 1947-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கிய ரமா முகாம் இன்று பல ஊர்களில் நடக்கிறது. அங்கே சமையல் யூத மத உணவு விதியான கோஷர் முறைப்படி: பன்றி இறைச்சி இல்லை, இறாலும் நண்டும் இல்லை, இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேராது, இரண்டுக்கும் பாத்திரங்கள் தனித்தனி. இந்த முறையைக் கண்காணிப்பதற்கென்றே கோஷர் சமையலறையில் ஒருவரை நியமிப்பது வழக்கம். பிரித்து வைப்பது கைவந்த பழக்கமாக இருப்பதால், பால் ஒவ்வாத பிள்ளையின் பெற்றோர் பேசத் தொடங்க அங்கே ஒரு பிடி கிடைக்கிறது. ஆனால் கோஷர் என்றால் கோதுமை இல்லை என்று பொருளல்ல. வெள்ளி இரவு ஓய்வுநாள் விருந்தில் பின்னல் போட்ட கோதுமை ரொட்டிதான் மேசையின் நடுவில் இருக்கும். வேர்க்கடலைக்கும் கோஷர் விதியில் தடை இல்லை. அதனால் அங்குள்ள யூதப் பெற்றோரும் மதவிதியை ஒரு கேள்வியாகவும் ஒவ்வாமையை வேறொரு கேள்வியாகவும் கேட்கவேண்டியிருக்கிறது.

நமக்கும் அதுவே பொருந்தும். சமண மடத்துச் சமையலோ, வள்ளலார் வழிச் சைவச் சமையலோ, கோயில் அன்னதானமோ தூய்மையாக இருக்கலாம். ஆனால் அதில் வேர்க்கடலை இருக்காது என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

வேர்க்கடலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். இது மல்லாட்டை விளையும் பூமி. பக்கத்துத் திண்டிவனத்தில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ரகங்கள்தான் நாடறிந்த டி.எம்.வி. வரிசை. நம் சமையலில் கடலை எங்கெல்லாம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எலுமிச்சை சாதம், புளியோதரை, காரச் சட்னி, மிக்சர், கடலை மிட்டாய். தேங்காய்ச் சட்னியைக் கெட்டியாக்கவும் சிலர் ஒரு கை போடுவார்கள். செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் அது பெரும்பாலும் நீங்கிவிடும். ஆகவே "நாங்க நல்ல செக்கு எண்ணெய்தான் ஊத்துறோம்" என்று விடுதிக்காரர் பெருமையாகச் சொல்லும் இடம், இந்தப் பிள்ளைக்கு ஆபத்தான இடமாகிவிடக்கூடும்.

சட்னி ஜாரை மறந்துவிடாதீர்கள். காலையில் கடலைச் சட்னி அரைத்த ஜாரை லேசாகக் கழுவிவிட்டுத் தேங்காய் அரைத்தால், அந்தத் தேங்காய்ச் சட்னியும் ஒவ்வாமைப் பிள்ளைக்கு ஆகாது. "சட்னி எதுல அரைக்கிறீங்கக்கா?" என்று சமையல் செய்யும் அம்மாவிடமே கேளுங்கள். அலுவலகத்தில் இருப்பவருக்கு இதற்குப் பதில் தெரியாது. எழுதிக் கொடுக்கும்போது வெறுமனே "கடலை" என்று எழுதவேண்டாம். கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை எல்லாமே அதில் அடங்கிவிடும். மல்லாட்டை என்ற வேர்க்கடலை என்று பளிச்சென்று எழுதுங்கள்.

கோதுமை ஆகாத பிள்ளைகள் தெற்கே குறைவு, வடக்கேதான் அதிகம். குறைவாக இருப்பதாலேயே நம் சமையல்காரர்களுக்கு அது பழக்கமில்லை. கோதுமையால் குடல் பாதிக்கும் சீலியாக் நோய் உள்ள பிள்ளைக்குச் சப்பாத்தி, பூரி, பரோட்டா, சேமியா, ரவை எல்லாம் கூடாது என்றால் புரிந்துகொள்வார்கள். "சாதம், சாம்பார், ரசம்தானே, அதுல என்ன?" என்பார்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பார், ரசம், மோர்க்குழம்பு, ஊறுகாய் என்று பெருங்காயம் விழாத இடம் ஏது? டப்பாவைத் திருப்பி, சேர்மானத்தைப் படிக்கவேண்டும். அல்லது இந்தப் பிள்ளையின் பங்கைப் பெருங்காயம் போடுவதற்கு முன் எடுத்து வைக்கவேண்டும். சிறு அளவு கோதுமையும் குடலைப் புண்ணாக்கும். அன்றைக்கே எதுவும் தெரியாமல் போகலாம் என்பதால் "நேத்து சாப்பிட்டான், ஒண்ணும் ஆகலையே" என்ற பேச்சை ஏற்காதீர்கள். அரிசி, கேழ்வரகு, கம்பு, சாமை நம்மிடம் தாராளமாக இருப்பது பெரிய வசதி.

பொட்டலத்தில் உள்ள பச்சைப் புள்ளி சைவம் என்பதை மட்டுமே சொல்லும். வேர்க்கடலை, கோதுமை, பால், சோயா, முட்டை, மீன் போன்றவை இருந்தால் தனியாகக் குறிப்பிடவேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. மசாலாப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் அந்த வரியைத் தேடுங்கள். உதிரியாக வாங்கும் மிக்சருக்கும் மிட்டாய்க்கும் அப்படி எதுவும் இருக்காது. அவற்றைப் பிள்ளை தொடாமல் இருப்பதே நல்லது.

இடத்தைப் பார்க்கப் போகும்போது காலை பத்தரை மணிபோல் போங்கள். மதியச் சமையல் நடந்துகொண்டிருக்கும். ஒரு வாரத்துச் சாப்பாட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். சமையல் மாஸ்டர் லீவு போட்டால் யார் வருவார் என்பதையும் கேளுங்கள். தவறு பெரும்பாலும் மாற்று ஆள் வரும் நாளில்தான் நடக்கும். உங்கள் கேள்விகளைக் கேட்டு முகம் சுளிக்கும் இடத்தை விட்டுவிடுங்கள். வசதி குறைந்த இடமாக இருந்தாலும், "எழுதிக் குடுங்க, செவுத்துல ஒட்டிக்கிறேன்" என்று சொல்லும் சமையல்காரர் இருந்தால் அதைத்தான் நான் தேர்வேன்.

எழுதிக் கொடுப்பது ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். பெரிய எழுத்தில், தமிழில். பிள்ளையின் பெயர், படம், எது கூடாது, எதெதில் அது ஒளிந்திருக்கும், எதைத் தாராளமாகக் கொடுக்கலாம், தவறிச் சாப்பிட்டால் என்ன தெரியும், உடனே என்ன செய்யவேண்டும், உங்கள் கைபேசி எண். கூடாததை மட்டும் எழுதிவிட்டுக் கொடுக்கக்கூடியதை விட்டுவிட்டால், பயந்துபோய் மூன்று வேளையும் தயிர்சாதம் போட்டுவிடுவார்கள். ஒரு நகல் சமையலறைக்கு, ஒன்று வார்டனுக்கு, ஒன்று பிள்ளையின் பெட்டிக்கு.

கடுமையான ஒவ்வாமை உள்ள பிள்ளையின் மருத்துவரிடம் அட்ரினலின் ஊசி பற்றிப் பேசாமல் அனுப்பவே கூடாது. வெளிநாடுகளில் பேனாபோல் தயார் நிலையில் கிடைக்கும் ஊசி நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. மருந்துக் குப்பியும் சிரிஞ்சும்தான் கிடைக்கும். எவ்வளவு அளவு, யார் போடுவது என்பதை மருத்துவர் எழுதித் தரவேண்டும். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவது அது. மூச்சுத் திணறல், குரல் கம்முதல், தொடர் வாந்தி, மயக்கம் என்று தெரிந்தால் அரிப்பு மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. ஊசி போட்டு, 108-ஐ அழைத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். முகாம் நடக்கும் இடத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்பே பாருங்கள். விழுப்புரம் பக்கம் என்றால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி பக்கம் என்றால் ஜிப்மர். மலைமேல் தங்கும் முகாமை, இந்தப் பிள்ளை கொஞ்சம் வளரும்வரை தள்ளிப்போடலாம்.

இன்சுலின் போடும் பிள்ளைக்கு எது சாப்பாடு என்பதைவிட எப்போது சாப்பாடு என்பதே முக்கியம். ஊசி போட்டபின் சாப்பாடு அரைமணி தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடக்கூடும். வார்டன் கையிலும் பிள்ளையின் பையிலும் குளுக்கோஸ் இருக்கவேண்டும். மருந்தை வைக்கக் குளிர்பெட்டி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பெரியவர்கள் செய்யவேண்டியவை. பிள்ளைக்கும் ஒன்று பழக்கவேண்டும்: "எனக்கு இது வேண்டாம், இதுல என்ன போட்டிருக்கீங்க?" என்று கூச்சமில்லாமல் கேட்பது. வீட்டுக்கு வரும் விருந்தாளி கொடுக்கும் தின்பண்டத்திலேயே இதைப் பழக்கலாம். நண்பன் பாசமாக நீட்டும் கடலை மிட்டாயை மறுப்பது பிள்ளைக்குக் கஷ்டம்தான். காரணத்தை அந்த நண்பர்களுக்கும் வார்டன் முதல் நாளே எளிமையாகச் சொல்லிவிட்டால் பாதிச் சுமை குறையும். ஆனால் பிள்ளையைத் தனி மேசையில் உட்கார வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். தட்டு தனியாக இருக்கட்டும், பந்தி ஒன்றாக இருக்கட்டும்.

முதல் தடவையே பத்து நாள் வேண்டாம். இரண்டு நாள் முகாம் ஒன்றில் தொடங்குங்கள். மே மாத முகாமுக்கு மார்ச்சிலேயே விசாரித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் போனால் எந்தச் சமையல்காரருக்கும் நின்று பதில் சொல்ல நேரம் இருக்காது.