தாய்க்கும் ஒரு பந்தி

கலைக்களஞ்சியம் என்றால் படித்த பெரியவர்கள் எழுதி வைக்கும் தடித்த புத்தகம் என்றே எம்மில் பலர் நினைத்து வந்திருக்கிறோம். 2003 ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இந்நிலையை மாற்றியது. இணையத்திலுள்ள இக்கலைக்களஞ்சியத்தில் யாரும் எழுதலாம்; பிறர் எழுதியதைத் திருத்தி விரிவாக்கலாம். படுவான்கரையில் இருக்கும் ஒரு பெண் தன் கைத்தொலைபேசியிலேயே இதைச் செய்யலாம்.

விரிவாக்குவதற்கு நான் எடுத்துக்கொண்டது ‘ஊசோன் பாலந்தை கதை’. திருகோணமலை இன்னாசித்தம்பி 1891 இல் வெளியிட்ட இந்நூல், ஈழத்துத் தமிழ் நாவல்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. ஓர்சன், வலன்டைன் என்ற இரட்டையரைப் பற்றிய ஐரோப்பியக் கதையைத் தழுவியது. கரடி வளர்த்த பிள்ளை, பேசும் பித்தளைத் தலை, பறக்கும் மரக்குதிரை என அந்த மூலக்கதை மாயங்கள் நிறைந்தது.

தலைப்பில் இருப்பவை பிள்ளைகளின் பெயர்கள். ஆனால் மூலக்கதை தொடங்குவது தாயிடத்தில். கொன்ஸ்தாந்திநோப்பிள் பேரரசனின் மனைவி பெலிசாண்ட். அவளை அடைய முயன்று தோற்ற மதகுரு ஒருவன் அவள்மீதே பழி சுமத்துகிறான். கணவன் கர்ப்பிணியான அவளை நாடுகடத்துகிறான். காட்டிலே இரட்டைப் பிள்ளைகளைப் பெறுகிறாள். ஒன்றைக் கரடி தூக்கிச் செல்ல, அதன் பின்னே ஓடுகிறாள். அதற்குள் மற்றப் பிள்ளையும் பறிபோகிறது. சீதையின் கதை அறிந்த எமக்கு இவள் அந்நியமானவள் அல்ல. பிள்ளையைத் தேடி அலையும் தாய்மார் எமது ஊர்களிலும் இருக்கிறார்கள்.

இவளுக்கென ஒரு பந்தி எழுத முனைந்தபோது சில விதிகளைக் கற்றுக்கொண்டேன். ‘அரசன் செய்தது கொடுமை’ என்று எழுத முடியாது; அது என் அபிப்பிராயம். ‘பழி பொய்யானது’ என்று எழுதலாம். ஏனெனில், அந்த மதகுரு தானே உண்மையை ஒப்புக்கொள்வதாகக் கதையில் வருகிறது. மூலக்கதையில் உள்ளதையும் தமிழ் நாவலில் உள்ளதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். நூலின் வரிகளை அப்படியே அள்ளிப்போடாமல் சொந்த வசனத்தில் எழுத வேண்டும். செய்திகளுக்கு ஏற்கெனவே வெளியான சான்றும் காட்ட வேண்டும். ‘நூலகம்’ என்ற இணைய நூலகம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் இலவசமாக வாசிக்கத் தருவதால், சான்று தேடுவது இன்று அவ்வளவு சிரமமில்லை.

சான்று கேட்கும் விதியில் எமக்கு ஒரு பாடம் உண்டு. வாயால் சொன்ன கதை அங்கே ஏறாது. யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் எமது வீடுகளில் எவ்வளவோ காகிதங்கள் அழிந்துபோயின. காகிதம் இல்லாத பெண், இல்லாதவளாகவே ஆக்கப்படுகிறாள்.

ஆகவே சகோதரிகளே, ஊர் வாசிகசாலையில் ஒரு பழைய நாவலை எடுத்து வாசியுங்கள். அதன் கதைச்சுருக்கத்தில் விடுபட்ட பெண் யார் என்று பாருங்கள். பக்க எண்ணோடு ஒரு வரி சேர்த்தாலும் போதும். உங்கள் அம்மம்மா சொன்ன கதைகளையும் எழுதி இச்சஞ்சிகைக்கு அனுப்புங்கள். இன்று அச்சில் வந்தால், நாளை அதுவே சான்று.