வியர்வை அறை
(பாலாறு போன வழி – 9)

போன வாரம் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையில் நிறுத்தியிருந்தேன். வாலாஜாபாத்தை ஒட்டி ஓடும் நம்ம பாலாறு கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில், துணி வாங்க வந்த டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை. உள்ளே அவர்களுடைய கல்லறைகள். அவற்றில் உள்ள பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்த நாளிலிருந்தே அவர்கள் ஊரைப் பார்க்க ஆசை. 2019இல் மகனைப் பார்க்கப் போன சாக்கில் அவர்கள் நாட்டு லெய்டனுக்கு ஒரு நாள் கிடைத்தது.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் சைக்கிள்கள். அடுக்கடுக்காக, ஒன்றின் தலைமேல் ஒன்று. எதிரே வந்த முகமெல்லாம் இருபது வயது. இது எனக்குப் புதிதல்ல. எங்கள் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டிலும் விடியற்காலையில் இருபது வயதுதான் நிற்கும். ஒரகடத்துக்குப் போகிற கம்பெனி பஸ்ஸுக்காக, கழுத்தில் ஐ.டி. கார்டோடு. ஒரு ரூமில் ஐந்தாறு பேர். ஆனால் எங்கள் பையன்கள் ஊரில் தூங்க மட்டும் வருகிறார்கள். லெய்டனில் வாய்க்கால் ஓரம், பாலத்துச் சுவர், டீக்கடை மாதிரியான கடைகளின் வாசல் என்று எங்கே இடம் கிடைத்தாலும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

படிக்க வந்த பிள்ளைகள். அந்த ஊரின் பல்கலைக்கழகப் படிப்பு பட்டினியில் பிறந்தது. 1574இல் ஸ்பெயின் படை ஊரை வளைத்துக்கொண்டது. உள்ளே சோறில்லை. மீட்க வந்தவர்கள் தங்கள் கரைகளைத் தாங்களே வெட்டி, வயலுக்குள் தண்ணீரை விட்டு, படகில் வந்தார்கள். அக்டோபர் 3ஆம் தேதி முற்றுகை விலகியது. பசித்த ஊருக்கு முதலில் கொடுத்தது ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும். இன்றைக்கும் அதே தேதியில் அதையே ஊரார் வாங்கித் தின்கிறார்கள். அடுத்த வருஷமே, 1575இல், ஸ்பெயினை எதிர்த்தவர்களின் தலைவரான வில்லியம் இளவரசர் அங்கே பல்கலைக்கழகம் தொடங்கினார். தாக்குப்பிடித்ததற்குப் பரிசாக வரிவிலக்கா பல்கலைக்கழகமா என்று கேட்டாராம், ஊர் படிப்பைக் கேட்டதாம். கதைதான். எங்கள் ஊரில் கேட்டிருந்தால் வரிவிலக்கு ஒருமனதாக ஜெயித்திருக்கும், நானும் கை தூக்கியிருப்பேன்.

ராப்பன்பர்க் வாய்க்கால் கரையில் பழைய கன்னியர் மடத்துக் கோயில்தான் பல்கலைக்கழகத்தின் தாய்க்கட்டடம். பின்னால் 1590இல் தொடங்கிய மூலிகைத் தோட்டம். கட்டடத்துக்குள் ஒரு சின்ன அறை இருக்கிறது. பெயரே வியர்வை அறை. தேர்வு முடிவுக்காகக் காத்திருந்து வியர்த்த இடம். பட்டம் வாங்கியவர்கள் அதன் சுவரில் கையெழுத்துப் போடுவார்கள். கூரை வரை பெயர்கள். பெஞ்சில் பேர் கிறுக்கியதற்கு எங்கள் வாத்தியாரிடம் வாங்கிய அடி நினைவுக்கு வந்தது.

நான் உண்மையில் போனது இன்னொரு எழுத்துக்காக. ஆனைமங்கலச் செப்பேடு. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் கொடுத்த ஊரின் பத்திரம். 21 ஏடுகள், சுமார் 30 கிலோ. 5 ஏட்டில் சமஸ்கிருதம், 16இல் தமிழ். டச்சுக்காரர் வழியாகக் கடல் கடந்து, 1862இல் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தது. நம் புத்தகங்களில் அதன் பெயர் பெரிய லெய்டன் செப்பேடு. நாகைப் பக்கத்து வயலுக்கு அயலூர்ப் பெயர்!

பார்த்தேனா? இல்லை. அதை அப்போது கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டவில்லை. முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். எழுதவில்லை, என் தப்பு. நூலக வாசல் படியில் உட்கார்ந்து போனில் இருந்த அச்சுப் பாடத்தைப் படித்தேன். பெண் யானையை நடக்கவிட்டு ஊர் எல்லையைக் குறித்தது, எந்த வாய்க்காலுக்குத் தெற்கே, எந்த வயலுக்கு மேற்கே என்பதெல்லாம் அதில் வருகிறது. எங்கள் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் பத்திரத்தில் வரும் அதே நடை.

பக்கத்துப் படியில் இருந்த மாணவி எட்டிப் பார்த்து, இது என்ன எழுத்து என்றாள். சொன்னேன். "இங்கே இருக்கிறதா?" என்றாள். பின்னால் இருந்த கட்டடத்தைக் கையால் காட்டினேன். அவள் திரும்பி, கொஞ்ச நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

(தொடரும்)