கணக்கு நோட்டில் நம் பெயர்!

"வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்."

பலகையில் அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. கடைக்குப் பெயர் கிடையாது, படம் கிடையாது, விளக்கு ஜோடனை கிடையாது. வடசென்னையில், நமது தொழிற்சங்க அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில், ஓட்டு வீடொன்றின் முன்கட்டில் நான்கு மேசை, எட்டு பெஞ்சு. பகல் பன்னிரண்டரை மணிக்கு மேல் போனால் இடம் கிடைக்காது. ஒருவர் எழுந்தால்தான் ஒருவர் உட்காரலாம். எழுந்தவர் இலையை மடித்துக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அந்த இடத்தில் அடுத்த இலை விழுந்துவிடும். சோறு, சாம்பார், ரசம், மோர், ஒரு கூட்டு, ஒரு பொரியல், ஊறுகாய். ஞாயிறன்று மீன் குழம்பு தனி. சாப்பாடு 60 ரூபாய். நாளொன்றுக்கு எழுபது இலை போகும்.

நடத்துபவரை ஊரே அக்கா என்றுதான் அழைக்கும். எழுபது வயதுக் கிழவரும் அக்கா என்பார். ஏழு வயதுப் பிள்ளையும் அக்கா என்னும்.

அந்தப் பெஞ்சில் யார் யார் உட்காருகிறார்கள் என்று சென்ற வாரம் எண்ணிப் பார்த்தேன். ரயில்பெட்டித் தொழிற்சாலைத் தோழர் ஒருவர். அவர் தோளை இடித்துக்கொண்டு ஆட்டோ ஓட்டுநர். அவருக்குப் பக்கத்தில் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர், சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். அடுத்து நெற்றியில் திருநீறணிந்த வக்கீல் குமாஸ்தா. அவருக்கும் அப்பால் பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்த இளைஞன். ரசம் என்ற சொல்லைக் கற்றுக்கொண்டுவிட்டான், மோர் இன்னும் வாயில் நுழையவில்லை. கடைசியில், ஊராருக்கெல்லாம் பிரியாணி சுமந்து மோட்டார் சைக்கிளில் பறக்கிறானே, அந்தப் பையன். முதுகுப் பை காலியான பிறகு அவன் பசிக்கு இந்த 60 ரூபாய்ச் சாப்பாடுதான். ஒருவரையொருவர் "நீ யார், எந்தத் தெரு?" என்று கேட்கவில்லை. "உப்பை இப்படித் தள்ளுங்கள் அண்ணே" என்றதோடு பேச்சு முடிந்தது.

"இதிலென்ன அய்யா அதிசயம்? சாப்பாட்டுக் கடையில் எல்லாரும்தானே உட்காருவார்கள்!" என்று நமது இளந்தோழர் ஒருவர் சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு மகிழ்ச்சிதான். சிரிக்கும்படியான காலத்தில் அவர் பிறந்திருக்கிறார். ஆனால், அந்தக் காலம் தானாக வரவில்லை என்பதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டாமா?

1924, 25-ஆம் ஆண்டுகளில் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நடந்தது. நாட்டு விடுதலைக்கு வீரர்களை ஆக்கப்போகிறோம் என்று வ.வெ.சு. அய்யர் நடத்தியது, காங்கிரஸ் பணமும் பெற்றது. அங்கே பார்ப்பனச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனிப் பந்தி! பாரதத்தாயின் பிள்ளைகள் எல்லாரும் ஒன்று, ஆனால் சோற்றுக்கு மட்டும் இரண்டு! வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கண்டனத்தில் தமிழ்நாட்டுக் காங்கிரஸே ஆடிப்போயிற்று. விவகாரம் பள்ளிக்கூடப் பந்தியோடு நின்றதா? ரயிலடிக்குப் போங்கள். டிக்கெட்டின் விலை எல்லாருக்கும் ஒன்று, வண்டி ஒன்று, இஞ்சின் கக்கிய கரிப்புகையும் ஒன்று. இறங்கிச் சிற்றுண்டிச் சாலைக்குப் போனால் பார்ப்பனருக்கு ஓர் இடம், மற்றவருக்கு வேறோர் இடம். கிளர்ச்சி செய்து, 1941-ல்தான் அந்தத் தடுப்பு உடைந்தது.

பிறகு நாடு விடுதலை பெற்றது. அரசியல் சட்டம் வந்தது. கடைக்குள்ளும் பொது உணவு விடுதிக்குள்ளும் சாதியைச் சொல்லி எவரையும் தடுக்கக்கூடாது என்று அதன் 15-ஆம் விதி சொல்லிற்று. சொல்லியும் என்ன? 'பிராமணாள்' என்ற பலகை மட்டும் இறங்கவில்லை. 1957 மே மாதம் பெரியார் அந்தச் சொல்லை அழிக்கும் கிளர்ச்சியைத் தொடங்கினார். திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்தார்கள், நாள்தோறும் கைதானார்கள். கோடை வெயிலில் தொடங்கியது மழைக்காலத்தைக் கடந்து 1958-லும் நீடித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதான பிறகே பலகை மாறிற்று. அவர்களில் எத்தனை பேர் அந்த ஓட்டலில் ஒரு நாளாவது காபி குடித்திருப்பார்கள்? காபிக்காகவா போனார்கள்!

வியாபாரம் வளர்ந்தது, வேற்றுமை தானே கரைந்தது, காசுக்குச் சாதியில்லை என்று சில மேதாவிகள் இப்போது எழுதுகிறார்கள். கல்லாவில் விழுந்த காசுக்குச் சாதியில்லை, மெத்தச் சரி. கொடுத்த கைக்கு இருந்ததே! 2012-ல்கூடத் திருவரங்கத்தில் அதே பழைய சொல்லைப் பலகையில் எழுதி ஒரு கடை முளைத்தது. எதிர்ப்பும் உடனே முளைத்தது. களை பிடுங்கிய வயலை உழவன் மறுபடியும் போய்ப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

பட்டணத்துக் கதை இப்படி. கிராமத்துத் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்த கதை நமக்குத் தெரியாததல்ல. 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், உணவு விடுதியில் பொதுமக்களுக்கென வைத்திருக்கும் பாத்திரத்தை ஒருவர் பயன்படுத்துவதைத் தடுத்தால் குற்றம் என்று பாத்திரத்தின் பெயரைச் சொல்லியே எழுதியிருக்கிறது. 1976-ல் அதன் பெயரை மாற்றி இன்னும் கடுமையாக்கினார்கள். குவளை சட்டத்துக்குப் பயந்து ஒளிந்துகொண்டது. பிறகு, தூக்கி எறியும் கோப்பை வந்தது. யாருக்குக் கண்ணாடித் தம்ளர், யாருக்குக் கோப்பை என்று கடைக்காரரின் கை முடிவு செய்தால் எந்தப் போலீசுக்காரர் கண்டுபிடிப்பார்? 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கோப்பைக்குத் தடை. மண் கெட்டுப் போகிறது என்று போட்ட தடை அது. மனம் கெட்டுப் போனதற்கு நாம்தான் கடை கடையாகப் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கிராமக் கிளைத் தோழர்கள் இதைச் செய்கிறீர்களா?

நிற்க. அக்கா கடைக்கு வருகிறேன். ஏனென்றால், இவ்வளவும் எழுதிப் பெருமைப்பட்டுக்கொண்டு இலையை மடித்தவன், அன்று கைகழுவக் கொல்லைப்புறம் போனேன். முன்கட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை. போயிராவிட்டால் இந்தக் கட்டுரை பெருமையோடு முடிந்திருக்கும்.

கொல்லையில் இரண்டு பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அண்டாவும் குண்டானும் துலக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு வயது அறுபதுக்குக் குறையாது. எழுபது பேர் சாப்பிட்ட பாத்திரமும் எச்சில் மேசையும் அவர்கள் பொறுப்பு. எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். நாலு மணியாகும் என்றார்கள். எங்கே என்று கேட்டேன். உட்கார்ந்திருந்த இடத்தையே காட்டினார்கள்.

அக்காவிடம் கேட்டேன்: "முன்னால் பெஞ்சு காலியாகத்தானே கிடக்கும் அந்நேரம்?"

"யாரு தோழரே வேணான்னது? அவங்களே வர மாட்டேன்றாங்க."

இந்த விடையை நான் எங்கோ கேட்டிருக்கிறேன்! கோவிலுக்குள் விடாதவனும் இதைத்தான் சொன்னான். தனிப் பந்தி வைத்தவனும் இதைத்தான் சொன்னான். சற்றுக் கோபமாகவே கொல்லைக்குத் திரும்பினேன். பெரியவரைக் கேட்டேன்: "ஏம்மா, முன்னால் போய் உட்கார்ந்தால் என்ன?"

அவர் கையை நிறுத்தவில்லை. "உக்காரலாம் நைனா. உக்காந்தா உங்க ஆளுங்க யாராச்சும் லேட்டா வந்து, 'ஏம்மா, ரசம் எடுத்தா'ன்னு எங்களத்தான் கேப்பாங்க. சோத்துக் கையோட எழுந்திரிக்கணும். இங்கயே நிம்மதி."

உங்க ஆளுங்க! அக்கா மீது பாயப் போனவனுக்கு அடி நம் பக்கத்திலிருந்தே விழுந்தது. தோளில் கட்சித் துண்டோடு மூன்றரை மணிக்கு வந்து, உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்தால் அவர் தொழிலாளி, அவருக்கும் பசிக்கும் என்று தோன்றாமல், "ரசம்" என்று கேட்கத் தோன்றுகிற ஆட்கள் நாம்தான். நானும் கேட்டிருப்பேன், நினைவில்லை. நினைவில்லை என்பதே குற்றம்.

உணவு விடுதித் தொழிலாளர்க்கு வேலை நேரமும் வார விடுமுறையும் வரையறுத்து 1958-ல் இந்த மாநிலத்தில் தனிச் சட்டமே வந்தது. 2006 அக்டோபர் 10 முதல் ஓட்டலிலும் தேநீர்க் கடையிலும் பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கத் தடை. பெரிய ஓட்டலில் சங்கம் வைத்துச் சட்டத்தைக் கேட்கலாம். மூன்று பேர் பாடுபடும் கொல்லையில் யாரிடம் கேட்பது? அக்காவே முதலாளி, அக்காவே சரக்கு மாஸ்டர். விடியற்காலை மூன்றரைக்கு அடுப்பு மூட்டுகிறார். 1996-ல் பின்னி ஆலை மூடியபோது கணவர் வேலையிழந்தார். அடுத்த வாரம் வாசலில் இட்லிப் பானை ஏறிற்று. அன்றிலிருந்து ஒரு ஞாயிறுகூட அவருக்கு ஓய்வில்லை. வீட்டுச் சாப்பாடு என்று பலகையில் எழுதி நாக்கைச் சப்புக் கொட்டுகிறோமே, வீட்டில் அதைச் சமைப்பவர் யார், அவர் எப்போது உட்காருகிறார் என்று பலகையைப் படித்த எவரும் கேட்பதில்லை.

வரவு செலவைக் கேட்டேன். வீட்டு அடுப்புக்கான 14.2 கிலோ உருளைக்கு வரி 5 விழுக்காடு. கடை அடுப்புக்கான 19 கிலோ உருளைக்கு 18 விழுக்காடு. 2022 ஜூலையில், 25 கிலோ வரை பையில் அடைத்து முத்திரையிட்ட அரிசிக்கும் 5 விழுக்காடு போட்டார்கள். அக்காவின் விற்பனை ஆண்டுக்கு 20 லட்ச ரூபாய்க்குள். ஆகவே நம்மிடம் வரி வாங்குவதில்லை. ஆனால் வரி உள்ள பொருளை வாங்கும்போதெல்லாம் வரி கட்டுகிறார், கட்டியதைத் திரும்பப் பெறவும் வழியில்லை. சாப்பாட்டை 70 ரூபாய் ஆக்கலாமே என்றேன். "ஆக்கலாம். அந்தத் தெலுங்குப் பெரியவரு, கூலிக்காரரு, அப்புறம் பாதிச் சாப்பாடு கேப்பாரு. என்னால போட முடியாது" என்றார்.

பேச்சு முடியும் தறுவாயில் கல்லாப் பெட்டியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். நீள நோட்டு, மூலை மடங்கி, எண்ணெய் ஊறியது. கடன் கணக்கு. "திட்டாதீங்க தோழரே" என்று சொல்லிக்கொண்டேதான் நீட்டினார்.

இருபத்து மூன்று பெயர். அவற்றில் பதினொன்று நம்மவர்கள். பதினொரு பேரின் பாக்கி 4,360 ரூபாய். அது போக, ஐந்து மாதத்துக்கு முன் நமது வட்ட மாநாட்டுக்கு 200 சாம்பார் சோற்றுப் பொட்டலம், ஒன்று 40 ரூபாய் வீதம் 8,000. கொடுத்தது 3,000. பாக்கி 5,000. மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் வளைவுக்கும் அன்றைக்கே பணம் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம். எனக்குத் தெரியும், ரசீதுகளை நானே கோப்பில் வைத்தேன். அந்த மாநாட்டில் உழைக்கும் பெண்களின் உரிமை பற்றி நிறைவேறிய தீர்மானத்தை எழுதியதும் நானே. நல்ல தீர்மானம், கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. கைதட்டிய கைகளில் அக்காவின் சாம்பார் மணந்துகொண்டிருந்தது!

"கேட்டிருக்கலாமே அக்கா?"

"நம்ம புள்ளைங்க. கொடுப்பாங்க."

நம்ம புள்ளைங்க என்று சொல்லிக்கொண்டே கொல்லைக்காரப் பெண்களுக்கு அந்த மாதக் கூலியை நகையை அடகு வைத்துக் கொடுத்திருக்கிறார். இதை அவர் சொல்லவில்லை; பாத்திரம் துலக்கிய பெரியவர்தான் சொன்னார்.

கிளைச் செயலாளரிடம் பேசிவிட்டேன். அவர் கோபப்படவில்லை, அவர் பெயரும் பதினொன்றில் இருக்கிறது. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நோட்டு நமது அலுவலக மேசைமேல் இருக்கும். மாநாட்டுப் பாக்கி 5,000 வட்ட நிதியிலிருந்து. மற்றது அவரவர் கையிலிருந்து. பெயரை இங்கே அச்சிடப் போவதில்லை. அன்று பகல் கடையில் பரிமாறுவதும் துலக்குவதும் இளைஞர் அணித் தோழர்கள். அக்காவும் கொல்லைப் பெண்கள் இருவரும் முன்கட்டுப் பெஞ்சில் முதல் பந்தி. குழம்பை மட்டும் தானே வைப்பேன் என்று அக்கா பிடிவாதம் பிடிக்கிறார். நம் பிள்ளைகளின் கைப்பக்குவத்தில் அவருக்கு நம்பிக்கையில்லை. அந்த மட்டில் விட்டுக்கொடுத்தாயிற்று.

என் பாக்கி 340 ரூபாய். நேற்றே போய் 350 ரூபாய் கொடுத்தேன். சில்லறை இல்லை என்றார். மீதிப் பத்து ரூபாயை என் கண் முன்னாலேயே நோட்டில் எழுதிக்கொண்டார், தான் தரவேண்டியதாக.