நெம்புகோல் துப்பாக்கி: தேர்வும் பொறுப்பும்

‘துப்பாக்கி’ என்னும் சொல் துருக்கிய மொழியின் வழியே தமிழுக்கு வந்தது என்பர். துப்பு என்றால் வலிமை. ஆதலின் இது தமிழ்ச் சொல்லே எனக் கூறுவாரும் உளர். சொல்லின் பிறப்பு எதுவாயினும், அக்கருவியைக் கையில் எடுப்பவனுக்கு வலிமையினும் அடக்கமே முதலில் வேண்டும். அந்த அடக்கத்தைக் கற்பிக்கும் கருவி எது, அதனைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டியது பழைய மாணவர் ஒருவரின் மடல். அவர் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் நிரந்தர வசிப்புரிமை பெற்று வாழ்பவர். அண்டை வீட்டார் விடுமுறை நாள்களில் தம் பிள்ளைகளுடன் தகரக் குவளைகளையும் காகித இலக்குகளையும் சுட்டுப் பழகுகின்றனர். அவருடைய பன்னிரண்டு வயது மகனும் அதனை விரும்புகிறான். அவன் தாயோ, வீட்டிற்குள் துப்பாக்கி நுழையவே கூடாது என்கிறார். “வாங்கலாமா சார்? வாங்கினால் எதனை வாங்குவது?” என்பது அவர் வினா. தேசிய மாணவர் படைப் பயிற்சியில் ‘பாயிண்ட் டூ டூ’ ரைபிளை முதன்முதலில் அவர் கையில் கொடுத்தவன் நான். அந்த உரிமையில் கேட்டார். கொடுத்த கைக்கு விடை கூறும் கடமையும் உண்டு.

விளிம்புத் தோட்டா

பொழுதுபோக்காகச் சுடுவோர் பெரிதும் பயன்படுத்துவது ‘ரிம்ஃபயர்’ எனப்படும் விளிம்புத் தோட்டா ஆகும். தோட்டாவின் பித்தளைக் கூட்டிற்கு அடியில் ஒரு விளிம்பு உண்டு. அவ்விளிம்பின் உட்குழிவில் எளிதில் தீப்பற்றும் மருந்து பூசப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி அவ்விளிம்பை நசுக்கியதும் மருந்து தீப்பற்றிக் கூட்டினுள் இருக்கும் வெடிமருந்தை எரிக்கும். போர்க்களத் தோட்டாக்களில் இம்மருந்து அடிப்பாகத்தின் நடுவில் தனிச் சிமிழாக அமைந்திருக்கும். அவற்றின் கூட்டை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தலாம். விளிம்புத் தோட்டா ஒருமுறை சுட்டபின் எறியத் தக்கதே. ஆயினும் விலை குறைவு.

1857ஆம் ஆண்டில் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் தன் சிறு கைத்துப்பாக்கியுடன் ‘.22 ஷார்ட்’ என்னும் தோட்டாவை வெளியிட்டது. 1887இல் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தின் முயற்சியால் ‘.22 லாங் ரைபிள்’ தோன்றியது. இன்றும் உலகெங்கும் பெருவழக்கில் உள்ளது இதுவே. குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 0.22 அங்குலம், அதாவது 5.6 மில்லிமீட்டர். வழக்கமான ஈயக் குண்டின் எடை 40 கிரெய்ன், ஏறத்தாழ 2.6 கிராம். பின்னுதைப்பு மிகக் குறைவு. எனவே சிறுவரும் முதியோரும் அஞ்சாது பயிலலாம். ஆயினும் ‘சிறிய தோட்டாதானே’ என்று எண்ணுவது பேதைமை. குண்டு ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் வரை செல்லக் கூடியது. அருகில் இருக்கும் மனிதரைக் கொல்லவும் வல்லது.

நெம்புகோலின் வரலாறு

விளிம்புத் தோட்டாவும் நெம்புகோலும் தொடக்கத்திலேயே இணைந்தவை. பெஞ்சமின் டைலர் ஹென்றி என்பார் 1860ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் காப்புரிமை பெற்ற ஹென்றி ரைபிள் .44 அளவு விளிம்புத் தோட்டாவையே சுட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அது புகழ் பெற்றது. அதன் வழித்தோன்றலே 1866ஆம் ஆண்டின் வின்செஸ்டர் ரைபிள். பின்னர்ப் பெருந்துப்பாக்கிகள் நடுவெடித் தோட்டாவிற்கு மாறின. விளிம்புத் தோட்டா சிறு துப்பாக்கிகளில் நிலைபெற்றது.

மார்லின் நிறுவனம் 1891இல் .22 அளவில் ஒரு நெம்புகோல் ரைபிளை வெளியிட்டது. அதன் வளர்ச்சியாக 1897ஆம் ஆண்டு மாதிரியும், 1922இல் ‘மாடல் 39’உம், 1939இல் ‘39ஏ’யும் வந்தன. குறி தவறாத பெண்மணி எனப் புகழ்பெற்ற ஆனி ஓக்லி மார்லின் .22 ரைபிளைக் கையாண்டவர். ஜப்பானில் மிரோக்கு நிறுவனத்தார் செய்தளிக்கும் பிரௌனிங் ‘பிஎல்-22’ 1969இலும், வின்செஸ்டர் ‘9422’ 1972இலும் வெளிவந்தன. வின்செஸ்டர் 9422இன் உற்பத்தி 2005இல் நின்றது. மார்லினை வைத்திருந்த ரெமிங்டன் நிறுவனம் நொடித்தபின், 2020இல் மார்லினை ரூகர் நிறுவனம் வாங்கியது. 1997இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொழில் தொடங்கிய ஹென்றி நிறுவனம் ‘எச்001’ என்னும் மாதிரியால் வேரூன்றியது. பழைய ஹென்றியின் பெயரை இந்நிறுவனம் ஏற்றுக்கொண்டதேயன்றி, அவருடைய தொழிலின் நேர்வாரிசு அன்று என்பது வாங்குவோர் அறிய வேண்டிய செய்தி.

இயங்கும் முறை

விசையைச் சூழ்ந்துள்ள வளையமே இதில் நெம்புகோல். வலக்கை விரல்களால் அதனைக் கீழே தள்ளினால் வெடியறையை அடைத்திருக்கும் போல்ட் பின்வாங்கும். வெற்றுக் கூடு வெளியே தெறிக்கும். பின்னுள்ள சுத்தியல் நிமிரும். நெம்புகோலை மேலே இழுத்தால் புதிய தோட்டா வெடியறைக்குள் செல்லும். குழலுக்குக் கீழே நீண்டிருக்கும் மெல்லிய குழாயே தோட்டாக்களின் இருப்பிடம். இக்குழாயில் ஒரு தோட்டாவின் குண்டுமுனை அடுத்ததன் அடிப்பாகத்தின் நடுவில் முட்டி நிற்கும். நடுவெடித் தோட்டாவில் கூர்முனைக் குண்டு இருந்தால் இவ்வமைப்பு ஆபத்தாகும். விளிம்புத் தோட்டாவின் நடுவில் தீமருந்து இல்லாமையால் இங்கு அவ்வச்சம் இல்லை. ‘எச்001’ இவ்வாறு 15 ‘லாங் ரைபிள்’ தோட்டாக்களைக் கொள்ளும். ‘39ஏ’ 19 கொள்ளும்.

இவ்வகை ஏன்?

குறிபார்க்கும் போட்டிகளுக்குக் கைப்பிடியைத் திருப்பி இயக்கும் ‘போல்ட்’ வகையே சிறந்தது. நம் தேசிய மாணவர் படையினர் பயில்வதும் அவ்வகையே. விரைவே வேண்டுவோர் தானியங்கி ஏற்றத் துப்பாக்கியை நாடுவர். அதில் விசையை அழுத்துந்தோறும் குண்டு பாயும். நெம்புகோல் துப்பாக்கி இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. ஒரு குண்டிற்கும் அடுத்த குண்டிற்கும் இடையே கை ஒருமுறை இறங்கி ஏறியாக வேண்டும். அவ்விடைவெளி சிறிதே எனினும், ‘மீண்டும் சுடவா?’ என்று மனம் தன்னைக் கேட்டுக்கொள்ள அது போதும்.

இன்னொரு சிறப்பும் உண்டு. சுத்தியல் வெளியே தெரிவதால் துப்பாக்கி நிமிர்ந்துள்ளதா, தணிந்துள்ளதா என்பதை அருகில் நிற்கும் தந்தையோ ஆசானோ ஒரு பார்வையில் அறியலாம். கற்றுக்கொடுப்பவனுக்கு இதனினும் பெரிய உதவி வேறில்லை.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது, உடலுக்குப் பொருத்தம். தோளில் பதியும் கட்டையின் முனையிலிருந்து விசை வரையுள்ள நீளம் சுடுபவரின் கைக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். ‘எச்001’இல் இந்நீளம் 14 அங்குலம்; அதன் சிறுவர் மாதிரியில் 13 அங்குலம். நீளம் மிகுந்தால் சிறுவன் உடலைப் பின்னே வளைத்துத் துப்பாக்கியைத் தாங்குவான். குறியும் தவறும், கட்டுப்பாடும் குறையும். எடையும் கருதத் தக்கது. ‘பிஎல்-22’ ஏறத்தாழ 2.3 கிலோகிராம், ‘எச்001’ ஏறத்தாழ 2.4, ‘39ஏ’ ஏறத்தாழ 3. கனமான துப்பாக்கி பெரியவர் கையில் அசையாது நிற்கும். சிறுவர் கையைச் சோர்வடையச் செய்யும்.

இரண்டாவது, நெம்புகோலின் வீச்சு. ‘பிஎல்-22’இல் நெம்புகோல் 33 பாகை மட்டுமே இறங்கும், விசையும் அதனோடு சேர்ந்தே நகரும். சிறிய கைகளுக்கு இது எளிது. பிற மாதிரிகளில் வீச்சு நீண்டது. கடையில் வெறுந்துப்பாக்கியைத் தோளில் வைத்து, கடைக்காரரின் இசைவுடன் நெம்புகோலை மெல்ல இயக்கிப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

மூன்றாவது, பார்வைக்குறி. பழைய முறையில் பின்னே ஒரு பிளவும் முன்னே ஒரு மணியும் இருக்கும். நாற்பதைக் கடந்த என் போன்றோர்க்குப் பின்பிளவு மங்கித் தெரியும். நமக்குச் சிறு துளையுள்ள பின்குறி உதவும். தொலைநோக்கி பொருத்த விரும்புவோர், உடற்பகுதியின் மேல் அதற்குரிய பள்ளம் உள்ளதா எனக் காண்க. இளையோர் திறந்த குறியிலேயே தொடங்குதல் நன்று.

நான்காவது, உலோகமும் உழைப்பும். ‘39ஏ’யின் உடற்பகுதி அடித்து உருவாக்கிய எஃகு; ஒரு திருகைக் கையால் தளர்த்தி இரு கூறாகப் பிரித்துக் குழலின் பின்புறமிருந்தே துடைக்கலாம். ‘எச்001’இன் மேலுறை துத்தநாகக் கலவை; விலை குறைவு; இயக்கமோ மென்மையானது. தலைமுறைக்கும் வைத்திருக்க விழைவோர் முன்னதையும், அளவான செலவில் தொடங்குவோர் பின்னதையும் நாடலாம்.

‘39ஏ’, ‘9422’ ஆகியன பெரும்பாலும் கைமாறி வரும் பழைய துப்பாக்கிகளாகவே கிட்டுகின்றன. அவற்றை வாங்குமுன் வெடியறையின் வாய் விளிம்பை விளக்கொளியில் நோக்குதல் வேண்டும். தோட்டா இன்றி விசையைப் பலகால் அழுத்தியிருந்தால் ஊசி அவ்விளிம்பில் பட்டுத் தழும்பு ஏற்பட்டிருக்கும். குழலின் உட்சுரி துருவின்றி இருத்தலும், தோட்டாக் குழாய் நசுங்காதிருத்தலும், சுத்தியலின் காப்பு நிலை உறுதியாக நிற்றலும் காண வேண்டுவன.

சட்டம்

அமெரிக்காவில் உரிமம் பெற்ற வணிகர் பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு ரைபிள் விற்றல் ஆகாது. 1998 முதல் வாங்குவோரின் பின்புலம் உடனுக்குடன் ஆராயப்படுகிறது. நம்மவர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. எச்-1பி முதலான குடியேற்றமல்லாத விசாவில் தங்கியிருப்போர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருத்தலைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளே உள்ளன. நிரந்தர வசிப்புரிமை பெற்றோர்க்கு இத்தடை இல்லை. சிறுவர் கையாளுவது பற்றிய விதிகள் மாநிலந்தோறும் மாறுபடும். அவற்றையும் அறிதல் வேண்டும். நம் நாட்டிலோ 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றி .22 ரைபிளை வைத்திருத்தல் குற்றமாகும்.

பொறுப்பு

அம்பெய்தலைப் பயிலுமாறு ஊக்குவித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், உயிருள்ள எதனையும் இலக்காக நிறுத்தி எய்வதைத் தடுத்தார்கள். பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புடன் செல்பவர் அதன் முனையைப் பற்றிக்கொள்ளுமாறு பணித்தார்கள். சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதையும் விலக்கினார்கள். இன்றைய சுடுகளங்களின் முதல் விதியும் இதுவே: குழல்வாய் எந்நேரமும் பாதுகாப்பான திசையையே நோக்க வேண்டும்; துப்பாக்கி வெறுமையாக இருப்பினும் அவ்வாறே.

நெம்புகோல் துப்பாக்கிக்கே உரிய எச்சரிக்கைகள் இரண்டு. குழாயைக் காலி செய்த பின்னும் ஒரு தோட்டா வெடியறையிலோ, அதனை ஏற்றும் தட்டிலோ தங்கியிருக்கக் கூடும். எனவே நெம்புகோலைப் பலமுறை இயக்கிக் கண்ணாலும் விரலாலும் சோதித்தல் வேண்டும். அடுத்து, நிமிர்ந்த சுத்தியலைத் தணிக்கும்போது கட்டைவிரல் வழுக்கினால் தோட்டா வெடிக்கும். எனவே சிறுவர் சுடத் தயாராகும் வரை நெம்புகோலை மூடாதிருக்கப் பழகுதலே நன்று. தொடக்கத்தில் ஒரே ஒரு தோட்டாவை மட்டும் இட்டுச் சுடச் செய்யலாம். இலக்கின் பின்னே மண்மேடு வேண்டும். கல்லிலும் நீரிலும் குண்டு பட்டுத் தெறிக்கும். கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணிதலும், ஈயம் பட்ட கையைக் கழுவிய பின்னரே உண்ணுதலும் மறக்கலாகாதவை.

தாயின் அச்சத்தையும் எளிதாகத் தள்ளிவிட இயலாது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் இறப்புகளில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகளே. கொலைஞன் வெளியிலிருந்து வருவான் என அஞ்சும் வீட்டில், உள்ளிருப்பவரின் ஒரு நொடிச் சோர்வே கேடு விளைவிக்கிறது. பூட்டப்படாத துப்பாக்கி, வளரும் பிள்ளை இருக்கும் வீட்டில் இருக்கத் தகாதது.

நிறைவாக

மாணவருக்கு நான் எழுதிய விடை இது. முதலில் எஃகுப் பெட்டி வாங்குக. தோட்டாவிற்கு வேறொரு பெட்டி வாங்குக. இரண்டின் சாவியும் பிள்ளையின் தாயிடம் இருக்கட்டும். அவர் மனம் ஒப்பும் வரை துப்பாக்கி வாங்க வேண்டா. பயிற்சிக் களத்தில் பிறர் மேற்பார்வையில் பழகினால் போதும். ஒப்பியபின், மகனையும் உடன் அழைத்துச் சென்று அவன் தோளுக்குப் பொருந்தும் எளிய நெம்புகோல் ரைபிளைத் தேர்ந்தெடுக்கலாம். பித்தளைப் பளபளப்பும் செதுக்கு வேலைப்பாடும் பின்னர்ப் பார்த்துக்கொள்ளத் தக்கவை.

அவர் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தார்: “பெட்டிகள் வந்துவிட்டன, சார். துப்பாக்கி இன்னும் வரவில்லை. அவள் யோசிக்கிறாள்.” என் மாணவர் பாடத்தைச் சரியாகவே தொடங்கியிருக்கிறார் என மகிழ்ந்தேன்.