கப்பலுக்குக் காத்திருந்த ஓய்வுக் காலம்

மேல்நாட்டவர் சிலரிடம் விந்தையான ஆசை ஒன்று உண்டு. நாற்பது ஆண்டு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுப் பாய்மரப் படகொன்றை வாங்குவர். மனைவியோடும், வாய்த்தால் மக்களோடும் நண்பரோடும், அதிலேயே குடியேறிவிடுவர். நினைத்த நாளில் புறப்படுபவர் அவர்களிலும் சிலரே. பாய் தைத்து முடியவில்லை, வைத்தியர் விடவில்லை, மகளுக்குப் பேறுகாலம் என்று ஆண்டுக்கணக்காகத் துறைமுகத்திலேயே கட்டிக் கிடக்கும் படகுகள் எத்தனையோ. சொன்னபடி புறப்பட்டு முதுமையிலும் முடித்துக் காட்டியவர் ஆங்கிலேயரான பிரான்சிஸ் சிச்செஸ்டர். 1966ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆந் தேதி பிளிமத் துறையிலிருந்து தனியே பாய் விரித்து, சிட்னியில் மாத்திரம் தங்கி, உலகைச் சுற்றி 1967 மே 28ஆந் தேதி அவர் கரை சேர்ந்தபோது வயது 65.

இது ஊவா மலைநாட்டாருக்கு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். பதுளையிலிருந்து எந்தக் கடலும் அண்மையில் இல்லை. அப்புத்தளை முகட்டில் நின்றால், வானம் தெளிந்த நாளில் தெற்கே ஒரு வெள்ளிக் கோடாகக் கடல் தெரியும் என்பர், அவ்வளவே. ஆயினும் இத்தோட்டங்களில் ஒரு தலைமுறை முழுவதும் 'ஓய்வு' என்ற சொல்லோடு 'கப்பல்' என்ற சொல்லையும் சேர்த்தே நினைத்து வாழ்ந்தது. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த பெரியவர் ஒருவரைப் பசறை வீதியோரத் தோட்டமொன்றிலே மார்கழி மழைக்கிடையில் கண்டு வந்தோம். அவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் இங்கே வேண்டியதில்லை. நமுனுகுல மலையின் சாரலில் லயத்துக்கு ஒருவர் அவரைப் போல் இருக்கக்கூடும்.

பெரியவருக்கு வயது 87. கொழுந்து மலையிலும் கவ்வாத்து மலையிலுமாக நாற்பத்து நான்கு ஆண்டு உழைத்து 1998இல் செக்றோலிலிருந்து பெயர் நீங்கியவர். இஸ்தோப்பில் கம்பளி போர்த்து அமர்ந்திருந்தார். உள்ளே சுவரோரம், பச்சை வர்ணம் பூசிய ட்ரங்குப் பெட்டி ஒன்று. அதன் மூடியில் வெள்ளை எழுத்தில் அவருடைய தகப்பனார் பெயர். கீழே 'இராமேஸ்வரம்' என்ற ஒரே சொல்.

"இது எப்போது எழுதியது ஐயா?" என்று வினவினோம்.

"எழுபத்தஞ்சுல. பாஸ்போட் வந்த வருசம்" என்றார்.

பெட்டியின் கதையை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் இத்தீவுக்கு வந்தது பாய்மரத் தோணிகளில்தான். தமிழ்நாட்டுக் கரையில் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். காய்ச்சலிலும் பேதியிலும் வழியில் விழுந்தோர் பலர். 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் திறந்த பின், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே நீராவிக் கப்பல் ஓடியது. கடல் ஏறத்தாழ 22 மைலே. பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924இல். அதன் பின் பதுளையில் ஏறியவர் பொல்காவலையில் வண்டி மாறி, அநுராதபுரம், மதவாச்சி, மன்னார் வழியாக இறங்குதுறைக்கே போய்விடலாம். தோட்டத்து மக்கள் ஆடிக்கோ பொங்கலுக்கோ ஊர் போய் வந்த காலம் அது. முதுமையில் ஊரோடு போய்ச் சேர்ந்துவிடுவோம் என்ற எண்ணம் வேரூன்றியதும் அப்போதுதான்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வெண்ணத்தின் தன்மையையே மாற்றிவிட்டது. அதன்பின் தோட்டத்தார் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதியாக்கினர். பதினைந்து ஆண்டில் எல்லாம் முடிந்துவிடும் என்பது எழுத்திலிருந்த திட்டம். ஆனால் ஒப்பந்தத்தின் மை உலர்ந்து எட்டு வாரமும் ஆகவில்லை, அவ்வாண்டு டிசம்பர் 22ஆந் தேதி இரவு வீசிய புயலில் அக்கரைத் தனுஷ்கோடியே அழிந்துபோயிற்று. கப்பல் பின்னர் இராமேஸ்வரத்துக்குத் திரும்பியது. 'இராமானுஜம்' என்ற அந்தக் கப்பலின் பெயரை மலைநாட்டில் அறியாத வீடில்லை.

பெரியவரின் தகப்பனார் துறையூர்ப் பக்கத்திலிருந்து சிறுவனாக வந்தவர். அவரே குடும்பம் முழுவதுக்கும் இந்தியாவுக்கு விண்ணப்பம் எழுதினார். மகனோ தோட்டத்தில் பிறந்தவர். துறையூரை ஒருநாளும் கண்டதில்லை. கடவுச்சீட்டு மட்டும் அவரை இந்தியர் என்றது.

பாஸ்போட் கைக்கு வந்தால் அடுத்து என்ன? தோட்டத்திலிருந்து பெயர் வெட்டப்பட வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சேர்ந்த ஊழியர் சேமலாப நிதியைப் பெற வேண்டும். அதற்கு ஒரு படிவம், அப்படிவத்துக்கு ஒரு கையொப்பம், கையொப்பமிடும் உத்தியோகஸ்தர் லீவில். வேலையை விட்டால் லயமும் போய்விடும். பணம் வராமல் லயத்தை விட்டால் கப்பல் வரை செல்லக் காசில்லை. இந்தச் சுழலில் மாதங்கள் ஆண்டுகளாயின. ஓய்வு பெறுவதும் நாட்டை விட்டுப் போவதும் ஒரே படிவத்தில் முடியும் விசித்திரத்தை வேறெங்கே காண்போம்?

போனவர்கள் போனார்கள். அவர்களை ஏற்றிச்சென்ற வண்டிக்கு மலைநாட்டார் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'. பதுளை நிலையத்திலேயே அழுகை தொடங்கிவிடும். தெமோதரையில் தண்டவாளம் குன்றைச் சுற்றி வளைந்து, நிலையத்துக்கு அடியிலும் மேலுமாக ஒரே இடத்தை இருமுறை கடக்கிறது. சுற்றுலாப் பயணிகள் இன்று அவ்வளைவைப் படமெடுத்து மகிழ்கின்றனர். அன்று, ஒருமுறை விடைகொடுத்த மலையை மறுமுறையும் பார்க்க நேர்ந்தவர்களுக்கு அது வேறு விதமாகவே தோன்றியிருக்கும்.

பெரியவரின் உற்ற நண்பர் இருவர் அப்படிப் போனவர்கள். காமன் கூத்தில் ஒருவர் மன்மதன், மற்றவர் ரதி. பெரியவர் தப்பு அடிப்பார். மன்மதன் கோத்தகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தார். தாயகம் திரும்பியோருக்கென்றே தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் அத்தோட்டங்களை அமைத்தது. ஊருக்கு வந்துவிட்டேன், ஆனால் இங்கே எனக்குச் 'சிலோன்காரன்' என்றுதான் பெயர் என்று அவர் எழுதிய கடிதத்தைப் பெரியவர் நமக்குக் காட்டினார். ரதியின் கடிதங்கள் இரண்டோடு நின்றுவிட்டன.

இவர் ஏன் போகவில்லை? தகப்பனார் 1977இல் காலமானார், அவ்வாண்டு துக்கம். 1979இல் தங்கைக்குக் கலியாணம். 1981இல் மகனுக்கு நெஞ்சுச்சளி. பதுளை ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம். 1983 ஜூலையில் கலவரத் தீ பதுளையையும் பண்டாரவளையையும் எரித்தபோது, இனி இருப்பதில்லை என்று முடிவே செய்துவிட்டார். பெட்டி கட்டியாயிற்று. மறு ஆண்டு, 1984இல், போர் காரணமாகக் கப்பல் நின்றது. இராமானுஜம் திரும்பி வரவேயில்லை.

இத்தனையும் அவர் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டியம்மாள், தேநீர்க் கோப்பையை நம் கையில் கொடுத்துவிட்டு மெல்லச் சிரித்தார்.

"இவரு விதி விதின்னு சொல்லுவாரு. நான்தான் ஐயா போகவிடலை. மாமனார் செத்தப்போ வருசம் திரும்பட்டும்னேன். நாத்தனார் கல்யாணத்தை ரெண்டு தடவை தள்ளிப் போட்டது நான்தான். எங்கம்மாவும் அண்ணமாரும் இலங்கைக்கு எழுதி, கிடைச்சு, ஹாலிஎலையில இருந்தாங்க. அந்தம்மாவை விட்டுட்டு எந்த ஊருக்குப் போறது?"

ஒரே குடும்பத்தில் மகள் இந்தியர், தாய் இலங்கையர். இத்தகைய பிரிவினை ஒப்பந்தத்தின் எண்களில் தெரிவதில்லை. தாயார் 1986இல் மகள் மடியில் கண்மூடினார். பெரியவர் இதை முன்பே அறிந்திருந்தாரா என்று அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பல் நின்றதும் இவர்களைப் போன்ற பல்லாயிரம் பேரின் நிலை வினோதமாயிற்று. இந்தியக் கடவுச்சீட்டு, இலங்கையில் வாசம், வாக்கு எங்குமில்லை. பெரியவர் அப்படியே உழைத்து, அப்படியே ஓய்வு பெற்றார். பணிக்கொடை கிடைத்தது, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு முடித்த ஒவ்வோராண்டுக்கும் 14 நாட் சம்பளம். சேமலாப நிதி ஆண்களுக்கு 55இலும் பெண்களுக்கு 50இலும் கைக்கு வரலாம். பாட்டியம்மாளின் பணம் முன்பே வந்து மகள் கலியாணத்தில் கரைந்துவிட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பத்து நாட்களுக்குச் சற்று அதிகமான காலத்தில் 1,90,000 பேர் பிரஜைகளாயினர். கடவுச்சீட்டு வைத்திருந்தோர் இலங்கையராக விரும்புவதாக ஒரு பிரகடனத்தில் ஒப்பமிட்டால் போதும். பெரியவர் ஒப்பமிட்டார். 2004 ஏப்ரல் பொதுத் தேர்தலில், தம் 66ஆம் வயதில், வாழ்நாளில் முதன்முறையாக வாக்களித்தார். யாருக்கு என்று நாம் கேட்கவில்லை.

இப்போது அவருடைய பொழுது எப்படிப் போகிறது? விடியற்காலை பெரட்டுக் களத்துச் சத்தம் கேட்டு இன்றும் விழித்துவிடுகிறார். லயத்துக்குப் பின்புறம் போஞ்சியும் லீக்ஸும் போட்டிருக்கிறார். மாலையில் ஓய்வு பெற்றோர் மூவர் அவர் இஸ்தோப்பில் கூடி, மாரியம்மன் திருவிழாக் கணக்கையும் மரண உதவிச் சங்கக் கணக்கையும் விவாதிப்பர். பெரும்பாலும் சண்டையில் முடிந்து மறுநாள் மீண்டும் தொடங்கும். மகனும் மருமகளும் அதே தோட்டத்தில் வேலை. அவர்கள் பெயர் செக்றோலில் இருப்பதால்தான் காம்பரா நிலைத்திருக்கிறது. பேரன் கொழும்பில் ஒரு கடையில். இராமேஸ்வரம் போகாத குறைக்குக் குடும்பமாகக் கதிர்காமம் போய் வந்தார்கள்; அத்தலம் ஊவாவிலேயே இருப்பது ஒரு சௌகரியம்.

காம்பராவின் அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி. மேல்நாட்டார் ஓய்வுக் காலத்தில் வாங்கும் படகின் அறையும் ஏறக்குறைய அவ்வளவே. கட்டிலுக்கடியில் பெட்டி, பெட்டிமேல் பாய், பரணில் பாத்திரம் என்று சிற்றிடத்தில் குடும்பம் நடத்தும் கலையை அவர்கள் புத்தகம் வாங்கிப் பயில்கிறார்கள். நம்மவர் நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகப் பயின்றிருக்கின்றனர். அவர்கள் விரும்பி ஏறினர். சலித்தால் இறங்கியும் விடலாம். இந்த ஒரு வேற்றுமையை மறந்து லயத்து வாழ்வின் 'எளிமை'யைப் புகழ்ந்து எழுதுவோரிடம் நமக்குப் பொறுமையில்லை.

நாம் விடைபெறும் வேளையில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பேத்தி வந்து சேர்ந்தாள். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரில் கப்பல் தொடங்கியதையும், சில நாளில் நின்று 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியதையும் அவளே தாத்தாவுக்குப் படித்துக் காட்டியவள். ஏறத்தாழ நான்கு மணி நேரக் கடல்.

"தாத்தா, போயிட்டு வருவோமா? துறையூரையும் பாத்துரலாம்" என்றாள்.

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய பழைய இந்தியக் கடவுச்சீட்டை எடுத்தார். ஒரு பக்கத்திலும் முத்திரை இல்லை. இனி அவர் இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்து, இந்தியாவுக்குள் நுழைய விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதைப் பேத்தி விளக்கினாள். அவர் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தது, நாம் அங்கிருந்த இரண்டு மணி நேரத்தில் அந்த ஒருமுறைதான்.

"போஞ்சி பறிக்கணும். இவ பரீட்சை முடியணும். மழை விட்டதும் பதுளைக்குப் போய்ப் படம் பிடிச்சுக்கலாம்" என்றார்.

பாட்டியம்மாள் உள்ளேயிருந்து, தமக்கும் சேர்த்துப் படம் பிடிக்க வேண்டும் என்று குரல் கொடுத்தார்.