காரணம் தெரியாத சிசு மரணங்கள்: எண்களை எப்படி வாசிப்பது?

இரவு பால் குடித்துவிட்டு நன்றாக நித்திரை கொண்ட குழந்தை காலையில் எழும்பவில்லை. காய்ச்சல் இல்லை, வயிற்றோட்டம் இல்லை. அந்த வீட்டில் அழுகை ஓயுமுன்பே அயலில் பேச்சு தொடங்கிவிடுகிறது. "கண்ணூறு" என்பார் ஒருவர். "போன கிழமை போட்ட ஊசிதான்" என்பார் இன்னொருவர். "தாய் கவனிக்கவில்லை" என்ற சொல்லும் கடைசியில் வந்து சேரும். பிள்ளையை இழந்தவள் பழியையும் சுமக்கிறாள்.

இத்தகைய மரணத்துக்கு 1969இல் மருத்துவ உலகு ஒரு பெயரை வரையறுத்தது: சடுதியான சிசு மரணம். ஒரு வயது நிரம்பாத குழந்தை எதிர்பாராது இறந்து, பிரேத பரிசோதனை செய்தும், இறந்த இடத்தைப் பார்வையிட்டும், நோய் வரலாற்றை விசாரித்தும் காரணம் அகப்படாவிட்டால் இப்பெயர் இடப்படுகிறது. இரண்டு முதல் நான்கு மாதம் வரையான குழந்தைகளிடையே இது கூடுதலாக நிகழ்கிறது.

இம்மரணங்கள் கூடின, குறைந்தன என்று கேள்விப்படும்போது அதை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்வது? மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம்.

எத்தனை பேரில்?

போன காலபோகத்தில் 60 மூட்டை நெல், இம்முறை 44 மூட்டை. விளைச்சல் குறைந்துவிட்டதா? விவசாயி உடனே கேட்பது, "எத்தனை ஏக்கர் விதைத்தது?" என்பதே. போன முறை 3 ஏக்கர், இம்முறை 2 ஏக்கர் என்றால், ஏக்கருக்கு 20 மூட்டையாக இருந்தது 22 ஆக உயர்ந்திருக்கிறது.

மரணக் கணக்கும் இப்படித்தான். எத்தனை குழந்தைகள் பிறந்தன என்று தெரியாமல் எத்தனை இறந்தன என்று மட்டும் சொல்வதில் பயனில்லை. சிறிய எண்களில் இன்னும் அவதானம் வேண்டும். ஒரு முகாமில் சென்ற ஆண்டு ஒரு குழந்தையும் இவ்வாண்டு இரண்டு குழந்தைகளும் இறந்தால் "இரட்டிப்பு" என்று சொல்லலாம். ஆனால் அது தற்செயலாகவும் நேரக்கூடியது. ஒவ்வொரு மரணமும் விசாரிக்கப்பட வேண்டியது. ஆனால் ஓர் ஆண்டை வைத்து முடிவு கட்டக்கூடாது.

எந்தப் பெயரில்?

ஐக்கிய அமெரிக்காவில் 1990இல் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 130 சடுதியான சிசு மரணங்கள் பதிவாகின. 2020இல் அது ஏறத்தாழ 38. பத்தில் ஏழு பங்கு குறைவு! ஆனால் இதே காலத்தில், "படுக்கையில் தற்செயலாக மூச்சுத் திணறி இறந்தது" என்ற பதிவுகள் பெருகின. "காரணம் தெரியாது" என்று மட்டும் எழுதப்பட்டவையும் இருந்தன. விசாரணை கவனமாக நடக்கத் தொடங்கியதும், முன்பு ஒரு பெயரில் எழுதப்பட்ட மரணம் வேறு பெயரில் எழுதப்பட்டது. மூன்றையும் கூட்டினால் 1990இல் ஏறத்தாழ 155, 2020இல் ஏறத்தாழ 93. உண்மையான குறைவு பத்தில் நான்கு பங்கு மட்டுமே. நெல்லை ஒரு சாக்கிலிருந்து இன்னொரு சாக்குக்கு மாற்றினால் முதற் சாக்கு குறையும், களஞ்சியம் குறையாது.

எப்படியும் நிகழ்ந்திருக்குமா?

மூன்றாவது கேள்வி எமது நாட்டிலேயே எழுந்தது. ஐந்து நோய்களைத் தடுக்கும் கூட்டு ஊசி 2008 ஜனவரியில் இலங்கையில் அறிமுகமானது. சில மாதங்களில், ஊசி போட்டபின் நான்கு குழந்தைகள் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. முதல் தொகுதி மருந்து நிறுத்தப்பட்டது. 2009 ஏப்ரலில் மேலும் ஒரு மரணம் நேரவே, அந்த ஊசியே நிறுத்தப்பட்டது. சுயாதீன நிபுணர் குழுவொன்று விரிவாக ஆராய்ந்தபின் 2010இல் அது மீண்டும் வழங்கப்பட்டது.

ஊசிக்குப் பின் நிகழ்ந்த மரணம், ஊசியால் நிகழ்ந்த மரணம்தானா? ஒரு உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு இலட்சம் குழந்தைகளில் 60 பேர் முதல் ஆறு மாதங்களில், அதாவது 180 நாட்களில், காரணம் தெரியாமல் இறப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று ஊசிகள். ஊசி போட்ட நாளையும் மறுநாளையும் சேர்த்தால் மொத்தம் ஆறு நாட்கள். 180இல் ஆறு என்பது முப்பதில் ஒரு பங்கு. ஆகவே, ஊசியில் எந்தப் பிழையும் இல்லாவிட்டாலும், அந்த 60இல் இரண்டு மரணங்கள் ஊசி போட்ட நாளிலோ மறுநாளிலோ நிகழும். ஊசி போடும் வயதும் இம்மரணங்கள் கூடுதலாக நிகழும் வயதும் ஒன்றாயிருப்பதே இதற்குக் காரணம். நிறுத்தி விசாரித்தது சரியே. விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வதுதான் தவறு. ஊசிக்குப் பயந்து ஒதுங்கும் பிள்ளையைக் குக்கலும் தொண்டைக்கரப்பனும் தேடி வரும்.

சரியாக வாசித்தால் உயிர் பிழைக்கும்

நெதர்லாந்தில் 1970களின் தொடக்கத்தில் குழந்தைகளைக் குப்புறக் கிடத்தும்படி ஆலோசனை கூறப்பட்டது. மரணங்கள் கூடின. கணக்குகளைக் கவனித்தவர்கள் 1987இல் அந்த ஆலோசனையை மாற்றும்படி எச்சரித்தனர், மரணங்கள் குறைந்தன. 1987 முதல் 1990 வரை நியூசிலாந்தில் நடந்த ஆய்வு, குப்புறப் படுக்கவைத்தல், தாய் புகைத்தல், தாய்ப்பால் கொடாமை ஆகியவற்றை ஆபத்துகளாகக் காட்டியது. 1991இல் நியூசிலாந்திலும் பிரித்தானியாவிலும் பிரசாரம் தொடங்கியது. அங்கும் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பிள்ளையை நிமிர்த்திக் கிடத்தினார்கள், அவ்வளவுதான்.

நாம் செய்யக்கூடியவை

குழந்தையை எப்போதும் நிமிர்த்தியே நித்திரையாக்குவோம். பால் கக்கினால் புரையேறும் என்ற பயம் வேண்டாம். நிமிர்ந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருக்கிறது. தாயின் அருகே, ஆனால் தனியான, மெத்தென்று அமுங்காத படுக்கையில் கிடத்துவோம். தலையணை, தளர்ந்த போர்வை, துணிப்பொதி எதுவும் முகத்தருகே வேண்டாம். சுருட்டு, பீடி, சிகரெட் புகை கர்ப்பிணியையும் குழந்தையையும் அணுகக் கூடாது. தாய்ப்பால் கொடுப்போம், ஊசிகளை உரிய காலத்தில் போடுவிப்போம்.

இடம்பெயர்ந்து ஊர் ஊராக அலையும்போது பிறப்பும் இறப்பும் பதியப்படாமலே போய்விடுகின்றன. பதியப்படாத பிள்ளை எந்தக் கணக்கிலும் இல்லை. அதன் மரணத்திலிருந்து எவரும் எதையும் கற்பதில்லை. ஆகவே ஒவ்வொரு பிறப்பையும் ஒவ்வொரு இறப்பையும் பதிவு செய்வோம். சுகாதார விருத்திப் பதிவேட்டைக் காணி உறுதியைப் போலக் காத்து எடுத்துச் செல்வோம். குழந்தை திடீரென இறந்தால் குடும்ப நல உத்தியோகத்தருக்கு அறிவித்து விசாரணைக்கு இடம் கொடுப்போம்.

அதுவரை அந்தத் தாயிடம் "என்ன செய்தாய்?" என்று கேட்காதிருப்போம். அவள் அருகில் போய் உட்காருவோம்.